மோந்து பார்க்காத மாத்திரை

மல்லிகைப்பூவைச் சந்தேகப்படுவதற்கு, அதுவும் மதுரையில் இருந்துகொண்டு, தனித் துணிச்சல் வேண்டும். அவளுக்கு அது இருந்தது. நாங்கள் கல்லூரிப் பேருந்து ஏறுகிற இடத்துப் பூக்காரம்மா முழம் போட்டு நறுக்கிக் கொடுத்ததும் முதலில் சரத்தை உதறுவாள், நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்துத் தேற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. அப்புறம் நடுச்சரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள்.

“இன்னைக்குப் பறிச்சதுதானாக்கா?”

“ஏத்தா, ஒரு முழம் பூவுல ஒன்னைய ஏமாத்தி நான் என்ன மாடி வீடா கட்டப் போறேன்?”

“இல்ல, ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும். பூக்காரம்மா என்னைப் பார்த்து, ‘இவளோட எப்படித்தான் காலந்தள்ளுற?’ என்று கண்ணாலேயே கேட்பார். அதற்குள் கல்லூரிப் பேருந்து வந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் நேற்றைக்கும் இவர்தானா என்று எட்டிப் பார்ப்பாள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், “எம்பேர எதுக்குப் போட்ட? என்ன உள்நோக்கம்?” என்று கேட்டு போன் வரும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். யார் வைத்தது என்று மட்டும் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

வாடிப்பட்டி போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே ஒரே பேராசிரியரிடம் நாங்கள் இருவரும் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். ஏறக்குறைய ஒரே வயது. நான் கோச்சடை, அவள் வில்லாபுரம், சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணன் வீட்டில் இருந்தாள். மதியம் அண்ணனோடு போனில் அவர்கள் வீட்டு மொழியில் படபடவென்று பேசுவாள். எனக்கு ஒரு சொல் புரியாது. நடுவில் என் பெயர் மட்டும் வந்து வந்து போகும்.

“என்னையப் பத்தி என்ன பேசுன?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“நல்ல புள்ளன்னு சொன்னேன்.”

“நெசமாவா?”

“பாத்தியா, நீயும் நம்ப மாட்டேங்குற” என்றாள் சந்தோஷமாக.

சந்தேகம் ஒட்டிக்கொள்ளக் கூடியது. அவளோடு பழகியதில் என் வீட்டிலும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகக் காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் வாங்காமல், “என்ன விசயம்?” என்றேன். அவர் மறுபடி காபி போடவே இல்லை.

எங்கள் ஆய்வு ஒரு மஞ்சள் பூச் செடியைப் பற்றியது. நம்மூர்ச் செடி இல்லை. குளிர்ப் பிரதேசங்களில் வயலோரத்தில் வளர்வது. மனச்சோர்வுக்கு அங்கே பல தலைமுறைகளாக அதன் சாற்றைக் குடித்திருக்கிறார்கள். இப்போது கேப்சூலில் அடைத்து இங்கேயும் விற்கிறார்கள். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று டாக்டரிடம் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருள் தசையைப் போய் என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். ஒவ்வொரு தசைச் செல்லும் கால்சியத்தைத் தனக்குள்ளே ஒரு கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறது. கட்டளை வந்தால் கிடங்கு திறக்கும், தசை சுருங்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பூட்டிவிடும். செல்லின் வெளிச்சுவரிலும் கதவுகள் உண்டு. அவை திறந்தால் வெளியே இருக்கிற கால்சியம் உள்ளே வரும். நாங்கள் எலியின் தசைச் செல்களைத் தட்டில் வளர்த்து, கால்சியத்தைக் கண்டால் பச்சையாக ஒளிர்கிற சாயத்தை அவற்றில் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, அந்தப் பொருளை ஒரு சொட்டு விடுவோம்.

முதல் தடவையே ஒளிர்ந்தது. தட்டு முழுக்கப் பச்சை. நான் கைதட்டிவிட்டேன். அவள் முகம் புளித்த தயிரை மோந்தவள் முகமாகிவிட்டது.

“மருந்தே ஒளிருதோ என்னமோ” என்றாள். சாயம் ஏற்றாத செல்களில் விட்டுப் பார்த்தாள்; ஒன்றும் ஒளிரவில்லை. மருந்தைக் கரைத்த திரவத்தை மட்டும் விட்டுப் பார்த்தாள், அதற்கும் இல்லை. செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்தாள், நன்றாகவே இருந்தன. சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லா இருக்கு” என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில். “அதான் பயமா இருக்கு.”

அடுத்த கேள்வி, அந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பது. வெளியிலிருந்தா, கிடங்கிலிருந்தா? இதைக் கண்டுபிடிக்கச் செல்களைக் கால்சியமே இல்லாத திரவத்தில் வைத்து மருந்தை விட வேண்டும். அப்போதும் ஒளிர்ந்தால் கிடங்குதான். விட்டோம். ஒளிர்ந்தது.

பேராசிரியர் அன்றைக்கே அல்வா வாங்கிவந்துவிட்டார். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பியும்விட்டார். அவள் அல்வாவை மோந்து பார்த்துவிட்டு இலையிலேயே வைத்தாள்.

“சார், கொஞ்சம் பொறுத்து அனுப்பியிருக்கலாம்.”

“ஏம்மா, ஒனக்கு ஒரு காரியமாச்சும் நல்லபடியா நடந்தா ஆகாதா?”

“ஆகும் சார். நெசமா நடந்தா ஆகும்.”

மிச்சம் மீதிக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு பொடி உண்டு, அதையாவது சேர்த்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினாள். அதைச் சேர்த்தால் செல்கள் தட்டிலிருந்து உரிந்து வருகின்றன, வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மறுபடியும் அதையே சொன்னார்.

அந்த வாரம் அவள் சரியாக இல்லை. வழக்கமான சந்தேகம் என்றால் அவளுக்குள் ஓர் உற்சாகம் இருக்கும். இது வேறு. பேருந்தில் பேசாமல் வந்தாள். இறங்கும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மதியம் நான் உள்ளே வந்தபோது குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எதையோ மோந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெட்டியில்தான் எங்கள் மருந்துக் குப்பி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, கடுகளவு போனாலும் கணக்குச் சொல்ல வேண்டும். அவள் வெளியே போனதும் குப்பியை எடுத்து எடை போட்டேன். குறையவில்லை. எடை போடுகிற கருவியைச் சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டேன்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியா இருக்கா?”

குப்பியை மூடினேன். “இருக்கு.”

“நல்லது. நானா இருந்தாலும் எடை போட்டிருப்பேன்.” அவள் முகத்தில் கோபமே இல்லை. சொல்லப்போனால், அன்றுதான் முதன்முதலாக என்னை ஓர் ஆளாக மதித்துப் பார்த்தாள் என்று தோன்றியது. கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். மேலே மஞ்சள் பூப் படம். எங்கள் செடி.

“ஒண்ணரை வருசமாப் போடுறேன்” என்றாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். “எங்கம்மா கொரோனாவுல போனாங்கல்ல. சுத்திக் கட்டிக் குடுத்தாங்க. மொகத்தக் காட்டல. அப்படியே கொண்டுபோயி எரிச்சாச்சு. வீட்டுக்கு வந்து, அது நம்மம்மாதானான்னு எங்கண்ணன்ட்ட கேட்டேன். அறைஞ்சிட்டான். அறைஞ்சிட்டு அவனும் அழுதான். அதுக்கப்பறம் ஒரு வருசம் நான் படுக்கைய விட்டு எந்திரிக்கல. யாரோ சொன்னாங்கன்னு அவன்தான் இத வாங்கிட்டு வந்தான். கொஞ்சங் கொஞ்சமா எந்திரிச்சேன். தலை சீவுனேன். இது உள்ள போயி என்னதான் பண்ணுதுன்னு பாக்கத்தான் இந்த புராஜெக்ட்டுக்கே வந்தேன்.”

அம்மா போனதால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று எழுதினால் கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவள் பிறவியிலேயே அப்படித்தான் என்று அண்ணன் பின்னொரு நாள் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோதே பால் பாட்டிலை மோந்து பார்த்துத்தான் குடிப்பாளாம்.

“இப்ப என்ன பயம்?” என்று கேட்டேன்.

“கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. சார் சொல்றது நெசம்னா கிடங்கே ஒழுகுதுன்னு அர்த்தம். எனக்கு அது பொய்யா இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஆசையா இருக்குறதால என் கண்ணையே என்னால நம்ப முடியல. இனிமே நீ செய்யி. நான் தள்ளி நிக்கிறேன்.”

எல்லாரையும் சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் மட்டும் இருக்காது. இவள் தன் பெயரை முதலில் போட்டு வைத்திருந்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

தள்ளி நிற்கிறேன் என்றவள் போய் நின்றது தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்க வைத்தால் பாத்திரம் வெள்ளை பூக்கும், குழாய் வாய் அடைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி அந்தக் கோடையில் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போயிருந்தது. அவசரத்துக்கு ஆய்வுக்கூட உதவியாளர் கடைவீதியிலிருந்து கேனில் பேட்டரித் தண்ணீர் வாங்கிவந்து வைத்திருந்தார். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எல்லா வீட்டிலும் ஊற்றுகிற தண்ணீர்தான். எங்கள் திரவத்தையும் அதில்தான் கலக்கியிருந்தோம். காய்ச்சி வடித்தது என்று கேன் மேலே எழுதியிருக்கும். நாங்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அவள் இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். ஒன்றில் கேன் தண்ணீர் ஒரு சொட்டு. இன்னொன்றில் மருந்தியல் துறையிலிருந்து வாங்கிவந்த சீல் வைத்த பாட்டில் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டையும் சூடான தட்டில் வைத்து உலர்த்தினாள். பாட்டில் தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. கேன் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

“சுண்ணாம்பு” என்றாள். “கால்சியமே இல்லைன்னு நாம சொன்ன தண்ணியில கால்சியம் கெடக்கு.”

உதவியாளர் எட்டிப் பார்த்தார். “பேட்டரி நல்லாத்தானக்கா ஓடுது?” என்றார். அதுவும் நியாயம்தான்.

நல்ல தண்ணீரில் திரவம் தயாரித்து நான் மறுபடி செய்தேன். அவள் வராந்தாவில் நின்றாள். மருந்தை விட்டேன். தட்டு இருண்டே கிடந்தது. பிறகு அளந்து கொஞ்சம் கால்சியம் சேர்த்தேன். பச்சை பொங்கிக்கொண்டு வந்தது. கிடங்கு இல்லை, வெளிக்கதவுதான். பேராசிரியர் கருத்தரங்குக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அல்வாவைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த நிம்மதி பேருந்து ஏறும்வரை தாங்கியது.

“தட்டுல இருக்குறது எலி செல்லு. எங்காலு எலிக்காலு இல்ல. நாம தட்டுல ஊத்துற அளவு வேற, எம்புட்டு என் ரத்தத்துல ஓடுதோ அது வேற. இத வச்சு என் கால் பிடிப்புக்கு ஒண்ணுமே சொல்ல முடியாது” என்றாள்.

“அப்ப நிறுத்திப் பாரு.”

அவள் கைப்பைக்குள் கையை விட்டு டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கால் வலிக்கு அவள் பயப்படவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்தப் படுக்கைக்கே போய்விடுவோமோ என்றுதான் பயந்தாள். இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வற்புறுத்தி மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூலிகை என்றால் சும்மா இல்லை, வேறு மருந்துகளின் வேலையைக் கெடுக்கக்கூடியது, இத்தனை நாள் யாரையும் கேட்காமல் போட்டதே தப்பு என்று கடிந்துகொண்டார். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்.

“கொறைக்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அழுக வந்துரும் டாக்டர்” என்றாள் இவள். “மருந்து போனதால அழுகுறேனா, போகுதுன்னு தெரிஞ்சதால அழுகுறேனான்னு எப்படிப் பிரிக்கிறது? எனக்குத் தெரியாமக் கொறைக்கணும்.” என்னைக் காட்டினாள். “இவ கொறைப்பா.”

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டார். தவறாமல் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். தூக்கம் கெட்டாலோ பேச்சு நின்றாலோ நான் உடனே அவருக்குப் போன் செய்ய வேண்டும். எப்போது சொல்லலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

வெளியே வந்ததும், “ஏன் நானு? உங்கண்ணன் இருக்காருல்ல?” என்றேன்.

“அவன் பாசத்துல ஏமாத்துவான். நீ குப்பிய எடை போட்டவ.”

டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி, வீட்டுச் சமையல் மேடையில் உட்கார்ந்து கேப்சூல்களைப் பிரித்து, மூலிகைப் பொடியைக் குறைத்து, அந்த அளவுக்குப் பொட்டுக்கடலை மாவை நிரப்பினேன். “என்ன, கள்ள மருந்து ஏதும் காச்சுறியா?” என்றார் கணவர். வாரம் ஒரு டப்பா. உறை கறுப்பாக இருந்ததால் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் அந்தச் செடிக்குக் காய்ந்த புல் வாசனை ஒன்று உண்டு. மோந்தால் தெரிந்துவிடும். அதுவும் அவள் மூக்கு. இது நடக்கிற காரியமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

முதல் டப்பாவைக் கொடுத்த அன்று அவள் என் எதிரிலேயே ஒன்றை எடுத்தாள். கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. பாதியில் நின்றது. இடக்கை விரல்களால் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டு வாயில் போட்டு விழுங்கினாள். பூவை, பேருந்து ஓட்டுநரை, அல்வாவை, ஏன் என்னையும் சந்தேகப்பட்டவள், நான் கொடுத்ததைத் தினமும் அப்படித்தான் விழுங்கினாள்.

அதன்பின் சந்தேகப்படுகிற வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அவள் பேசாமல் இருந்தால் பயம். சிரித்தால், இது நிஜச் சிரிப்பா என்று பயம். “ராத்திரி தூங்குனியா?” என்று தினம் கேட்டேன். “நீ தூங்குனியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்று திருப்பிக் கேட்டாள். டப்பாவில் மூலிகை அறவே இல்லாமல் போய், வெறும் பொட்டுக்கடலை மாவு மட்டுமே ஆன பிறகு என் பயம் இன்னும் கூடியது. டாக்டருக்குத் திருப்தி. “இனிமே சொல்லிரலாம்மா” என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை.

ஒரு காலை அவள் பேருந்துக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. பூக்காரம்மா, “எங்கத்தா ஒன் சோடியக் காணம்?” என்று கேட்டதுதான் தாமதம், ஆட்டோ பிடித்து வில்லாபுரத்துக்கு ஓடினேன். வழி நெடுக டாக்டரின் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே போனேன். என்னால் ஒரு மனுஷி விழுந்துவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கதவைத் திறந்த அண்ணி, “மாடில இருக்கா. விடிஞ்சதுலேருந்து அங்கயேதான் கெடக்கா” என்றார்.

படி ஏறியது நினைவில்லை. மொட்டைமாடியில் அவள் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. கிட்டப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீரை வடித்துவிட்ட தொட்டிக்குள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கொத்துக்கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய், நீ எங்கடி இங்க? போனு தண்ணில விழுந்துருச்சு, அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்” என்றாள். ஒரு வெள்ளைக் கட்டியைத் தூக்கிக் காட்டினாள். “எம்புட்டுச் சுண்ணாம்பு பாரு! அன்னைக்கு அந்தச் சொட்டப் பாத்ததுலேருந்து எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு எந்திரிச்சதும் தோணுச்சு, எறங்கிட்டேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “இம்புட்டு நேரம் குத்தவச்சு உக்காந்திருக்கியே, கால் பிடிக்கலையா?”

“கொஞ்ச நாளாப் பிடிக்கல. மாடி ஏறி எறங்குறதாலயா இருக்கும்.”

“ரெண்டு மாசமா நீ முழுங்குறது வெறும் பொட்டுக்கடலை மாவுடி!”

சுரண்டுகிற சத்தம் நின்றது. என் முகத்தையே பார்த்தாள். பொய்யா என்று தேடுகிற அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இடுப்புச் செருகலிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அன்றைக்குப் போட வேண்டிய கேப்சூல். இரண்டாகப் பிரித்து, அத்தனை மாதம் கழித்து முதல்முறையாக மூக்கருகே கொண்டுபோனாள்.

“பொட்டுக்கடலை மாவுதான்” என்றாள் மெதுவாக.

“எப்படி இருக்கு ஒனக்கு? நெசத்தச் சொல்லு.”

அவள் தொட்டிக்குள்ளேயே எழுந்து நின்றாள். காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

வழக்கமான மிச்சத்தையும் சொல்வாள் என்று தொட்டி விளிம்பைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன். அவள் கொத்துக்கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

“சும்மா நிக்காம நீயும் எறங்கு. அந்த மூலையில இன்னும் கெடக்கு.”